பகலில் பசுவைப் பார்த்தவள்

காலை ஆறேகால் மணி. ஜீப்பின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பெண்ணின் இடது கை. தோள்வரை அது ஒரு பசுவின் பின்புறத்துக்குள் மறைந்திருந்தது. பதுளையிலிருந்து வரும் வழியில் நான் தூங்கிப் போயிருந்தேன். வண்டி நின்றதும் தெரியவில்லை, மிருக வைத்தியர் இறங்கிப் போனதும் தெரியவில்லை. அவர் பசுவின் இடுப்பில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விரல் பார்க்கும் வேலைக்குக் கண் இடைஞ்சல் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மாட்டுப்பட்டியைச் சுற்றி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சேர்ந்த பெண்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற கோலம். பிந்திப் போனால் கங்காணி பெயர் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படியிருந்தும் நகர மனமில்லாமல் நின்றார்கள்.

"கைய உள்ளாற விட்டு இம்புட்டு நேரமா என்னத்தத் தேடுறீங்க டொக்டரம்மா? தோடு விழுந்துருச்சா?"

"தோடு விழுந்தா மாடு சொல்லாதா? அடி போடி!"

"ஒனக்கென்னக்கா, ஒன் மாட்டுக்குப் பதுளையிலருந்து ஜீப்புல வந்து பாக்குறாங்க. நமக்குக் காய்ச்சல்னா டிஸ்பென்சரித் தண்ணி மருந்துதான்."

அக்கா என்று அழைக்கப்பட்டவர் சிரிக்கவில்லை. கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். லயம் முழுவதும் அவரை அக்கா என்றது. நானும் அப்படியே அழைத்தேன்.

டொக்டர் கையை எடுத்து நீளமான பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். "சினை இல்லை," என்றார்.

அக்கா கயிற்றை விட்டுவிட்டு, அது கையில் இல்லை என்பது தெரியாதவர் போல விரல்களை அப்படியே மடித்து வைத்திருந்தார்.

"ஆனா மாடு பழுதில்லை. சூலகம் வடிவா வேலை செய்யுது. பழுது எங்களிலதான். கொஞ்சம் இருங்கோ, கதைக்க வேணும்," என்றார் டொக்டர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பதுளையில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபராக இருந்தேன். தோட்டங்களுக்குப் போக எனக்கு வாகனம் கிடையாது. டொக்டருக்கு ஜீப் இருந்தது, கூட வர ஆள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. இளம்பெண். காற்சட்டையும் முழங்கால்வரை றப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு லயத்துச் சேற்றில் நடந்தார். "பொம்பள மாட்டு டொக்டரா?" என்று முதல் மாதம் எல்லாத் தோட்டத்திலும் கேட்டார்கள். அடுத்த மாதம் கேட்கவில்லை. நான் ஐஸ் பெட்டியைத் தூக்குவேன். போத்தல்களில் இலக்கம் ஒட்டுவேன். அதற்குப் பதிலாக அவர் என்னைத் தோட்டம் தோட்டமாக இறக்கி ஏற்றுவார்.

அவர் தேடியது ஒரே கேள்விக்கு விடை. ஊவாவின் தோட்ட லயங்களில் வளரும் கலப்பினப் பசுக்கள் ஏன் இவ்வளவு காலம் தாழ்த்திக் கன்று ஈனுகின்றன? தீனி போதாதா, நோயா, ஊசி போடும் முறையில் பிழையா? இதற்காக வாரத்தில் இரண்டு நாள் சில பசுக்களின் பாலைச் சிறு போத்தல்களில் சேர்த்தார். ஒவ்வொரு போத்தலிலும் பால் கெடாமலிருக்க ஒரு மாத்திரை இருக்கும். அது கரைந்து பால் மஞ்சளாகிவிடும். கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு அவை ரயிலில் போகும். அங்கே பாலில் உள்ள ஓமோன் ஒன்றை அளப்பார்கள்.

அக்கா கொடுத்த முதல் போத்தலில் ஒரு கரித்துண்டு கிடந்தது. பால் வெளியே போகும்போது கண் படாமலிருக்கப் போட்டது. டொக்டர் அதை எடுத்துக் காட்டியபோது, "சும்மா குடுக்குற பாலுங்க, அதான்," என்றார் அக்கா. அதன் பிறகு கரி போத்தலுக்குள் போகாமல் வெளியே, மூடியில் நூலால் கட்டப்பட்டு வந்தது. ஆய்வுகூடத்தில் அதைப் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பசு அக்காவுடையதல்ல. பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவருடையது. அவரை எல்லோரும் நானா என்றார்கள். கைக்காசில் கிடாரிக் கன்றை வாங்கி, மேலே உள்ள தோட்டங்களில் வளர்க்கக் கொடுப்பார். இதற்கு வாரம் என்று பெயர். புல்லும் உழைப்பும் வளர்ப்பவருடையது. முதல் ஈற்றுக் கன்று மாட்டுக்காரருக்கு. இரண்டாம் ஈற்றுக் கன்று வளர்த்தவருக்கு. அந்தக் கன்று புல் கடிக்கத் தொடங்கியதும் தாய் மாடு கடைக்குத் திரும்பிப் போகும். எழுத்தில் எதுவும் இல்லை. மீறியவர்கள் இருப்பதாகவும் நான் கேள்விப்படவில்லை.

முதல் கன்றை நானா கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இரண்டாவது வரவில்லை. சினை ஊசி மூன்று முறை போட்டாயிற்று. நானா மேலே வந்து பட்டி வாசலில் நின்று பேசியபோது நான் இருந்தேன்.

"எனக்கென்ன மாட்டோட பகையா புள்ள? பாலும் வத்திக்கிட்டே வருது. மலட்டு மாட்டுக்குப் புல்லு வெட்டி ஒன் இடுப்பு ஒடையுது. பாத்துக்கிட்டிருந்து எனக்கும் சலிச்சிப் போச்சி. எறைச்சிக்கடைக்காரன் கேக்குறான்."

"அஞ்சு வருசமா வளத்துட்டேன் நானா. ஒரு கன்னுக்குத்தானே."

"கன்னு வந்தா ஒனக்குத்தான், யாரு இல்லேங்குறா? வந்தாத்தானே."

டொக்டர் இடையில் புகுந்து அவகாசம் கேட்டார். நானா கொஞ்சம் யோசித்தார். "சரி டொக்டர். பொங்கலுக்கு முந்தி லொறியோட வருவேன். செனைன்னு நீங்க கையப் போட்டுப் பாத்துச் சொன்னா, லொறி சும்மா போகும். இல்லேன்னா மாட்டோட போகும்." அவர் குரலில் கடுமை இல்லை. போகும்போது பசுவின் கழுத்தில் ஒரு உண்ணியைப் பிடுங்கி நசுக்கிவிட்டுத்தான் போனார்.

மேலே சொன்ன காலைக்கு முந்தைய நாள் மாலை ஆய்வுகூடத்து முடிவு வந்திருந்தது. அதனால்தான் டொக்டர் விடியமுன் புறப்பட்டார்.

அவர் பட்டி வாசலில் சொன்னதை நான் என் நடையில் எழுதுகிறேன். பசு காளையை ஏற்கும் நேரம் ஒரு நாளிலும் குறைவு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரட்சி உருவாகி ஓமோன் சுரக்கிறது. அது சுரக்கும்வரை அடுத்த முட்டை வராது. அந்த நாட்களில் ஊசி போட்டும் பயனில்லை. இரத்தத்தில் உள்ள அதே ஓமோன் பாலிலும் இறங்கும். கடைசி ஊசி போட்ட அன்று எடுத்த பாலில் அது உச்சத்தில் இருந்தது.

"அண்டைக்கு மாடு காளைக்கு வரவே இல்லை. நாங்கள் பிழையான நாளில ஊசி போட்டிருக்கிறம். முதல் ரெண்டும் அப்பிடித்தான் இருக்க வேணும். மாடு காளைக்கு வந்தது எண்டு எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"கத்துச்சுங்க," என்றார் அக்கா.

"என்ன நேரம்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பொழுது சாஞ்சு நாங்க மலையிலருந்து வர்றப்ப. லயமே கேட்டுச்சு. மக்கா நாள் பெரட்டுல கங்காணியாருகிட்ட சொன்னேன். அவரு ஆபீசுல சொல்லி, ஆபீசுலருந்து போன் போட்டு, ஊசிக்காரரு வந்தாரு."

டொக்டர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "அந்த நாட்களில வேலை எப்பிடி?"

"கொழுந்து கூடிப்போன நேரங்க. இருட்டுற வரைக்கும் நிப்பாட்டிருவாங்க," என்றாள் தோடு கேட்ட பெண். சொல்லி முடித்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மூன்று ஊசிகளும் கொழுந்து பெருகிய வாரங்களில் போடப்பட்டவை. அந்த வாரங்களில் வேலை நேரம் நீளும். புல் வெட்டி வர இருட்டிவிடும். பசு பகல் முழுவதும் ஒரே முளையில், காற்றை மறைக்கச் சாக்குத் தொங்கவிட்ட பட்டிக்குள் தனியாக நிற்கிறது. மாலையில் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டதும் பசியில் கத்துகிறது. கத்தினால் காளைக்கு என்பது திறந்த வெளியில் மந்தையோடு மேயும் மாட்டைப் பார்த்தவர்கள் கண்ட அடையாளம். மந்தையில் நின்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், எல்லோருக்கும் தெரியும். லயத்துப் பட்டியில் ஏறுவதற்கு இன்னொரு மாடு கிடையாது. தோட்டத்துக்கு வந்த மாட்டுக்கும் அந்தப் பழைய அடையாளத்தையே வைத்துக்கொண்டார்கள். டொக்டரின் பட்டியலில் இருந்த மற்ற லயங்களிலும் இதே கதைதான் என்பது பின்னால் தெரிந்தது.

"அப்ப நெசமா வர்ற நேரம் எப்பங்க?" என்று அக்கா கேட்டார்.

"அது பகலில வந்து பகலிலேயே போயிருக்கும். பகலில பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம் இங்க?"

பகலில் லயத்தில் ஆள் இல்லை. கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம்; பெரியவர்கள் மலையில்; ஆண்களில் பாதி தேயிலை ஆலையான ஸ்டோரில். அப்போது பக்கத்துக் காம்பராவுக்குள், அக்காவின் வீட்டை ஒட்டிய அறையில், ஒரு குழந்தை அழுதது.

"அதார்?"

"அவ பச்ச ஒடம்புக்காரிங்க. புள்ள பெத்து முப்பது கழியல. பட்டிப் பக்கம் வரமாட்டா," என்றார் அக்கா.

பிள்ளை பெற்ற தீட்டுள்ளவள் மாட்டுப்பட்டியை அண்டக்கூடாது, பால் மாட்டைக் கண்ணால் பார்க்கவும் கூடாது, பார்த்தால் பால் சுருங்கும் என்பது லயத்து வழக்கம். யாரும் அதைச் சட்டமாகச் சொல்வதில்லை. அவள் பட்டியை ஒட்டிய பின்கதவைத் திறக்கமாட்டாள், அவ்வளவுதான்.

பெரட்டுக் கொம்பு ஊதியது. பெண்கள் ஓடினார்கள். அக்காவும் படங்கை இறுக்கிக்கொண்டு ஓடினார்.

டொக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் இதில நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துப் பக்கத்துக் காம்பராவுக்குள் போனார். ஆண்கள் போகமுடியாத இடம். ஆனால் காம்பராவின் பின்பக்க அடைப்புப் பலகையும் தகரமும்தான். நின்ற இடத்திலேயே பேச்சு கேட்டது.

முதலில் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். பால் போதுமா, தொப்புள் விழுந்ததா. பிறகு டொக்டரின் குரல் தணிந்தது.

"நான் பட்டிக்குப் போகலங்க. சத்தியமாப் போகல," என்றது இளம் குரல்.

"போனதெண்டு நான் சொல்லேல்லை."

"பொகை முட்டுச்சு, பின்கதவ ஒருவாட்டித் தெறந்தேன். புள்ளைக்கு மூச்சு வாங்குச்சு, அதான். அப்ப சாக்கு காத்துல தூக்கிக் கெடந்துச்சு... பாத்துட்டேன்."

"என்ன பாத்தனீர்?"

"மாடு நின்ன எடத்துல நிக்கல. முளையச் சுத்திச் சுத்தி வந்துச்சு. வாலு ஒருக்கா தூக்குச்சு. பின்னாடி கண்ணாடி மாதிரி ஒழுகி வாலெல்லாம் ஒட்டிக் கெடந்துச்சு. முட்ட வெள்ளக்கரு மாதிரி. வாய் தொறந்து கத்தவே இல்லீங்க. எம் புள்ள அழுதா மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு."

"எப்ப?"

கடந்த மாதப் பௌர்ணமிக்கு அடுத்த சில நாட்களுக்குள் என்று சொன்னாள். டொக்டர் மனதுக்குள் கணக்குப் போடுவது வெளியே நின்ற எனக்கும் தெரிந்தது.

"ஏன் அக்காட்ட சொல்லேல்லை?"

"என்னத்தன்னு சொல்றது? பாத்தேன்னு சொன்னா, பட்டியப் பாத்தியான்னு கேப்பாங்க. பாலு கொறஞ்சுக்கிட்டே வருது. எம் மேலதான் வந்து விடியும்." அழத் தொடங்கினாள். "அக்காகிட்ட சொல்லிறாதீங்கம்மா."

டொக்டர் வெளியே வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டார். "எங்களூரிலயும் இந்தத் தீட்டு இருக்குது, துடக்கெண்டு சொல்லுறது," என்றார். "என்ர அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவா." பிறகு மலைப் பாதையில் ஏறினார். நானும் பின்னால் போனேன்.

அக்கா நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, கேட்டதையெல்லாம் சொன்னார். மறைக்கவில்லை. மறைத்தால் காரியம் நடக்காது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார்.

"பாவி மக, இத்தன நாளா வாயத் தெறக்காம இருந்துட்டாளே!" என்றார் அக்கா. கை கொழுந்து எடுப்பதை நிறுத்தவில்லை. இரண்டு பிடி கூடைக்குள் போனது. பிறகு கை நின்றது. "அவ என்ன பண்ணுவா. சொல்லியிருந்தா நானே வெளக்கமாத்தத் தூக்கியிருப்பேன்."

"இன்னும் ஒரு கிழமையில திரும்ப வரும். பகலில ஆராவது பாக்க வேணும். அந்தப் பிள்ளையை விட்டா ஆளில்லை."

அக்கா கீழே லயத்தைப் பார்த்தார். மலையிலிருந்து அதன் தகரக் கூரை முழுவதும் தெரிந்தது. "பட்டிக்குள்ள வர வேண்டாம். கதவுக்கிட்ட நின்னு பாக்கட்டும்," என்றார். அது அவர் எவ்வளவு தூரம் வந்து சொன்ன வார்த்தை என்பது அடுத்த வாரங்களில் எனக்குப் புரிந்தது.

ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு நாளும் அக்கா பெரட்டுக்குப் போகமுன் சாக்கைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும். பக்கத்துக் காம்பராப் பெண் பின்கதவில் இருந்து பார்ப்பாள். பார்த்ததும் முன்வாசல் கொடியில் சிவப்புப் பாவாடை ஒன்றைப் போடுவாள். எந்த மலையில் வேலையென்றாலும் தெரியும். அக்கா நேரே ஆபீசுக்கு ஓடிப் போன் போடச் சொல்வார். கங்காணியாரிடமும் டொக்டர் பேசினார். "பெரிய வேலையாப் போச்சுங்க, மாட்டுக்கு மாப்பிள்ளை பாக்குறது," என்றார் அவர். ஆனால் மறுக்கவில்லை.

பாவாடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஐப்பசியை மறந்துவிட்டார்கள். அந்த நாள் வந்தபோது அப்புத்தளைப் பக்கம் முழுவதும் மேகம் இறங்கியிருந்தது. பத்தடி தள்ளி நிற்பவரைத் தெரியாது. இதை நான் நேரில் பார்க்கவில்லை. அக்கா, கங்காணியார், தோடு கேட்ட பெண் மூவரும் தனித்தனியே சொன்னதை ஒத்துப் பார்த்து எழுதுகிறேன்.

பக்கத்துக் காம்பராப் பெண் பாவாடையைக் கொடியில் போட்டாள். தனக்கே அது தெரியவில்லை என்பதைக் கண்டாள். பச்சை உடம்போடு மேகத்தில் இறங்கக் கூடாது. குழந்தையை விட்டும் போக முடியாது. காம்பராவுக்குள் போய் மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்து வந்து வாசலில் நின்று விறகுக் கட்டையால் அடித்தாள்.

மேலே நிரைகள் நின்றன. லயத்தில் தகரம் அடிப்பது தீப்பிடித்தால்தான்.

"யாரு காம்பரா? என்ன?" என்று கங்காணியார் கத்தினார்.

அக்காவுக்கு மட்டும் புரிந்தது. கூடையை இறக்கினார். "கங்காணியாரே, எங்க மாடுங்க!"

"மாட்டுக்கு என்ன, சீக்கா?"

"சீக்கு இல்ல கங்காணியாரே, கல்யாணம்! மோளம் கேக்கல?" என்று மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நிரை முழுவதும் சிரித்தது. கங்காணியாரும் சிரித்துவிட்டதாக மற்ற இருவரும் சொன்னார்கள். அவர் மட்டும் மறுத்தார்.

அக்கா பாதை தெரியாமல் வடிகால் கானில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். எங்களுக்குத் தகவல் வந்தது மதியம். டொக்டர் மத்தியானச் சோற்றைப் பாதியில் விட்டார். ஊசிக்காரர் வேறு பக்கம் போயிருந்ததால், உறைந்த விந்து வைக்கும் குளிர்ப்பாத்திரத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தானே புறப்பட்டார். மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம்.

பசுவின் வாலைத் தூக்கிப் பார்த்ததும் டொக்டர் சிரித்தார். அவர் வேலை நேரத்தில் சிரித்து நான் பார்த்தது குறைவு. "இதுதான்," என்று விரலில் எடுத்துக் காட்டினார். விரலுக்கும் விரலுக்கும் இடையே அது கண்ணாடி நூலாக நீண்டது. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஐந்து வருடமாகப் பார்த்த மாடு.

வேலை சில நிமிடங்களில் முடிந்தது. பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருந்தவள் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். மூன்று வாரம் கழிந்தது. பசு திரும்பக் காளைக்கு வரவில்லை. பால் முடிவில் ஓமோன் உயர்ந்து நின்றது. ஜீப்பில் வரும்போது, "அப்ப சினைதானே?" என்று கேட்டேன்.

"இல்லையெண்டா இல்லையெண்டு இந்தச் சோதனை நிச்சயமாச் சொல்லும். ஓம் எண்டா நம்பேலாது. கரு அழிஞ்சும் போகலாம். கை போட்டுப் பாக்கிற வரைக்கும் அக்காட்ட ஒண்டும் சொல்லாதேங்கோ."

நான் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. பசுவின் பால் மேலும் குறைந்திருந்தது. கன்று ஈன்று நெடுநாளான மாட்டுக்கு அது இயல்பு. லயத்தில் அதற்கு வேறு காரணம் கண்டார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பராப் பெண்ணின் குடத்துக்கு யாரும் இடம் விடவில்லை. "தீட்டோட மாட்டப் பாத்தவ வந்துட்டா, எங்க குடத்தையும் பாத்து வத்த வச்சிருவா," என்றாள் ஒருத்தி. மார்கழிக் குளிரில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவள் கடைசி ஆளாக நின்றதை நானே பார்த்தேன்.

ஒரு நாள் அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த வரிசையைப் பார்த்து, "எங்க மாட்டுப் பாலு. வத்துனா எனக்குத்தானே வத்துது? ஒங்களுக்கு என்னடி வயிறு காயுது? பாலு போனாப் போவுது, கன்னு வரட்டும்," என்றார். அவளுடைய குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். இரவில் அக்கா சரியாகத் தூங்குவதில்லை என்று அவருடைய புருசன் என்னிடம் சொன்னார். கன்று வராவிட்டால் மாட்டோடு சேர்ந்து பக்கத்துக் காம்பராவின் பெயரும் போகும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

பொங்கலுக்கு முந்திய வாரம் நானா சொன்னபடி வந்தார். லொறி லயத்துக்குக் கீழே பாதையில் நின்றது. பின்பலகை இறக்கி வைக்கப்பட்டு, மாடு வழுக்காமலிருக்கத் தென்னந்தும்புக் கயிற்றுப் பாய் விரித்திருந்தது. நாங்கள் பிந்திவிட்டோம். பண்டாரவளைக்கு இப்பால் மண் சரிந்து வாகனங்கள் நின்றன. டொக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி இரண்டு முறை முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மண்வெட்டிக்காரர்கள் அவசரப்படவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நானா பட்டிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஊற்றிக் கொடுத்தது. பசு முளையிலிருந்து அவிழ்க்கப்பட்டு, கயிறு அக்காவின் கையில் இருந்தது.

"நான் அவுக்கச் சொல்லல டொக்டர். புள்ளதான் அவுத்து வச்சிக்கிட்டு நிக்கிறா," என்றார் நானா. "எத்தன வாட்டி ஒக்காரச் சொல்லியும் ஒக்காரல."

அன்று ஞாயிற்றுக்கிழமை. லயம் முழுவதும் வீட்டில் இருந்தது. ஆனால் தோடு பற்றி யாரும் கேட்கவில்லை. டொக்டர் உறையை மாட்டி, சவர்க்காரம் தடவி, கையை உள்ளே விட்டார். கன்னத்தைச் சாய்த்தார். கண்ணை மூடினார். குழாய்த் தண்ணீர் கல்லில் விழும் சத்தம் கேட்டது. பசு ஒருமுறை காலை மாற்றி வைத்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே, "இருக்குது," என்றார்.

"என்னது இருக்குது?" என்றார் நானா.

"சினை. வலப்பக்கக் கொம்பில. இப்ப ஒரு எலியளவுதான். பழுதில்லாமல் இருக்குது."

"நிச்சயமா?"

"என்ர விரலுக்குக் கீழ இருக்குது நானா. இதைவிட என்ன நிச்சயம் வேணும்?"

நானா எழுந்து சாரத்தைத் தட்டிக் கட்டினார். அக்காவைப் பார்த்தார். அக்கா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவர் கை இழுத்த இழுப்பில் பசுவின் தலையும் தாழ்ந்தது. பின்கதவு முழுவதும் திறந்திருந்தது. பக்கத்துக் காம்பராப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"சரி புள்ள. நல்லா தீனி போடு. ஒன் கன்னு," என்றார் நானா. தேநீர்க் கோப்பையைக் கல்லில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

லொறி வெறுமையாகப் போகவில்லை. பாதையில் வெலிமடைக்காரர் ஒருவரின் வண்டி அச்சு முறிந்து நின்றது. அவருடைய லீக்ஸ் மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெரகலவுக்கு இறங்கியது.